கோழிக்குஞ்சுக்குக் கரையான் பானை

நாட்டுக்கோழிக் குஞ்சுகளுக்கு மலிவான புரதத் தீனி கரையான்தான். பழைய மண்பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணம், ஓலைத்துண்டு திணித்து, தண்ணீர் தெளித்து, கரையான் நடமாடும் இடத்தில் மாலையில் கவிழ்த்து வையுங்கள். மறுநாள் காலையில் ஏறியிருக்கும். தட்டிக் கொட்டினால் குஞ்சுகள் போட்டி போட்டுப் பொறுக்கும், பார்க்கவே அவ்வளவு சந்தோஷம்! வீட்டு நிலை, கதவுப் பக்கம் மட்டும் வைக்கவே கூடாது. பூச்சிமருந்து அடித்த இடமும் ஆகாது. கூடவே குருணை, கம்பும் கொடுங்கள்.

கத்தரி, மிளகாய் நாற்று வேர் பிடிக்கும்வரை குஞ்சுகளைப் பாத்தியில் விடாதீர்கள், கிளறிவிடும். பழைய சேலையைச் சுற்றிக் கட்டினாலே போதும்.

கோழி எச்சத்தைப் பச்சையாகப் போட்டால் செடி கருகிவிடும். காய்ந்த இலையோடு சேர்த்து நன்றாக மக்கிய பிறகே போடுங்கள்.