பத்தாவது படிக்கிற பிள்ளை கையில் டிஸ்டோப்பியா நாவல் கொடுப்பது எப்படி

வடசென்னையில், தண்டையார்பேட்டையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். லேமினேஷன், ஸ்பைரல் பைண்டிங், ப்ராஜெக்ட் பிரிண்ட் அவுட். பள்ளிக்கூடம் விட்டால் கவுண்டர் முன்னால் எட்டாவது முதல் பிளஸ் டூ வரை கூட்டம் நிற்கும். எனக்குப் பின்னால் ஓர் அலமாரியில் பழைய நாவல்கள் இருக்கின்றன, காசு வாங்காமல் படிக்கக் கொடுப்பேன். அதில் அதிகம் தேய்ந்தவை, கெட்டுப்போன எதிர்காலத்தில் பதினாறு வயதுப் பிள்ளைகள் மாட்டிக்கொண்டு திண்டாடுகிற கதைகள்தான். டிஸ்டோப்பியா என்பது இதைத்தான்.

வீட்டில் ஒரு பிள்ளையைப் படிக்க வைக்கப் பார்க்கிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். “உலகம் அழிஞ்சு போச்சு, அதுக்கப்புறம்...” என்று கதையை ஆரம்பிக்காதீர்கள். அழிவையெல்லாம் அவர்கள் செல்போனில் பார்த்துச் சலித்துவிட்டார்கள். அவர்களைப் பிடித்து இழுப்பது சட்டம். பெரியவர்கள் தங்களுக்குள் பேசி முடிவு செய்து, பிள்ளைகளை ஒரு வார்த்தை கேட்காமல் போட்ட சட்டம். அதை முதலில் சொல்லுங்கள்.

‘தி ஹங்கர் கேம்ஸ்’ நாவலை நான் கொடுக்கிற விதம் இதுதான். சூசன் காலின்ஸ் எழுதி 2008இல் வந்தது. 12 வயது முதல் 18 வரை எல்லாப் பிள்ளைகளின் பெயரும் குலுக்கலில் போகும். பெயர் விழுந்தால், பிள்ளைகள் ஒருவரையொருவர் கொல்கிற போட்டிக்குப் போக வேண்டும். 12 வயதில் ஒரு சீட்டு, அப்புறம் வருடத்துக்கு ஒன்று கூடும். வீட்டில் அரிசி பருப்பு இல்லையா? கூடுதலாக ஒரு சீட்டு போட்டால் ஓர் ஆளுக்கு வருடம் முழுக்கத் தானியமும் எண்ணெயும் கிடைக்கும். போட்ட சீட்டு எதுவும் கழியாது, சேர்ந்துகொண்டே போகும். இவ்வளவு சொல்லிவிட்டு, வீணாய்ப்போன ஏ4 தாள் ஒன்றைத் திருப்பிப் போட்டுப் பேனாவைக் கொடுப்பேன். அம்மா, தங்கை, தான் என மூன்று பேருக்கும் 12 வயதிலிருந்தே வாங்குகிற பெண்ணுக்கு 16 வயதில் எத்தனை சீட்டு? சாதாரணமாக 5, தானியத்துக்கு 15, ஆக 20. ஐந்து பேர் இருக்கிற வீட்டுப் பையனுக்கு 18 வயதில்? 7ம் 35ம் சேர்ந்து 42. “அப்ப மேயர் பொண்ணுக்கு?” என்று அவர்களே கேட்பார்கள். தானியம் வாங்கத் தேவையில்லாத அவளுக்கு அதே 16 வயதில் வெறும் 5. ஒரு பையன் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, “இன்னா அங்கிள், ரேஷன் வாங்குனா மாட்டிப்பியா?” என்றான். அதற்கு மேல் நான் பேசவில்லை, புத்தகத்தை எடுத்து நீட்டினேன்.

எப்போது கொடுக்கிறோம் என்பதும் முக்கியம். வெரோனிகா ராத்தின் ‘டைவர்ஜென்ட்’ நாவலைப் பத்தாவது ரிசல்ட் வருகிற மே மாதத்துக்கு என்றே ஒதுக்கி வைத்திருக்கிறேன். சிகாகோ நகரத்தில் ஐந்து பிரிவு. 16 வயதில் ஒரு தேர்வு, மறுநாள் எல்லோர் முன்னாலும் ஒரு பிரிவைத் தேர்ந்தெடுக்க வேண்டும், பிறகு திரும்ப வழியில்லை. சேர்ந்த பிரிவில் தேறாவிட்டால் தெருதான். பயோ மேத்ஸா, காமர்ஸா என்று வீட்டில் சித்தப்பா வரைக்கும் கூடி உட்கார்ந்து பேசுகிற வாரத்தில் இதைக் கொடுத்தால், பிள்ளைக்கு விளக்கவுரை தேவைப்படாது.

இங்கிலீஷில் தடுமாறுகிறவர்களுக்கு லோயிஸ் லோரியின் ‘தி கிவ்வர்’. 1993இல் வந்தது, மெலிசான புத்தகம், எளிய வாக்கியங்கள். 12 வயதில் ஊர்ப் பெரியவர்கள் ஒவ்வொரு பிள்ளைக்கும் வேலையை ஒதுக்கிவிடுவார்கள். முதல் அத்தியாயத்தை நீங்களே தமிழில் சொல்லிவிட்டுக் கொடுங்கள். டிக்‌ஷனரியைக் கூடவே கொடுக்காதீர்கள், புரியாததைத் தாண்டிப் போகட்டும். பெயரை எப்படி உச்சரித்தாலும் திருத்த வேண்டாம். கடைசியில் பையன் பிழைத்தானா இல்லையா என்று உங்களிடம் வந்து சண்டை போடுவார்கள். தெரிந்த மாதிரி பதில் சொல்லிக் காரியத்தைக் கெடுக்காதீர்கள்.

புத்தகம் வாங்க மூர் மார்க்கெட் போகலாம். பழைய கட்டடம் 1985இல் எரிந்துபோனது, ஆனாலும் சென்ட்ரல் பக்கத்தில் அல்லிக்குளம் வளாகத்துப் புத்தகக் கடைகளை இன்றும் அந்தப் பெயரில்தான் சொல்கிறோம். பேரம் பேசும் முன் கடைசிப் பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். திருட்டு அச்சாக இருந்தால் நடுவிலும் பக்கம் விட்டுப்போயிருக்கும்.

‘இது நம்ம எண்ணூர் மாதிரியே இருக்கில்ல?’ என்று மட்டும் நீங்களாகக் கேட்டுவிடாதீர்கள். 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு முகத்துவாரத்தில் எண்ணெய் கலந்தது, அதே மாதம் ஒரு ராத்திரி பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்து ஜனங்கள் ரோட்டுக்கு ஓடினார்கள். அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் அதற்குள்ளேயே இருந்தவர்கள். பொருத்திப் பார்ப்பதா, கொஞ்ச நேரம் மறந்து வேறு ஊரில் இருப்பதா என்பதை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். எப்படியும் அவர்கள் பொருத்துகிற இடம் நாம் நினைத்த இடமாக இருக்காது. ஹங்கர் கேம்ஸ் இரண்டாம் பாகத்தில் மீன்பிடி மாவட்டத்து வீரன் ஒருவன் திரிசூலத்தோடு வருவான். மீன்பிடித் துறைமுகம் இருக்கிற காசிமேட்டுப் பையன் அவனை ஆஹா ஓஹோ என்று கொண்டாடப்போகிறான் என நினைத்தால், அவன் கேட்டது: “குத்துப்பட்ட மீனை ஏலத்துல எவன் அங்கிள் எடுப்பான்?”

படித்து முடித்தவர்களிடம் கதைச் சுருக்கம் கேட்டால் அடுத்த நாளிலிருந்து வரமாட்டார்கள். பாதித் தாளைக் கொடுத்து, 2075இல் நம் ஏரியாவுக்கு ஒரே ஒரு சட்டம் எழுதச் சொல்லுங்கள். நிபந்தனை ஒன்றுதான்: சட்டம் போடுகிறவர் சொல்கிற காரணம் கேட்க நியாயமாக இருக்க வேண்டும். இதை விட்டால் பேய்க்கதைதான் வரும். என்னிடம் வந்ததில் இரண்டு: “மழைக்காலத்தில் கீழ் வீட்டுக்காரர்கள் தண்ணீரிலிருந்து தப்பிக்க மாடிப்படியில் ஏறலாம், படிக்கு இவ்வளவு வாடகை. காரணம்: மாடியின் பாதுகாப்பு.” இன்னொன்று, “வடக்கிலிருந்து மெட்ரோவில் சென்ட்ரலைத் தாண்டிப் போக மார்க் ஷீட் காட்ட வேண்டும். காரணம்: கூட்ட நெரிசல்.” இரண்டாவதை எழுதிய பெண் வடக்கே விம்கோ நகரிலிருந்து வருகிறவள். ‘யார் செக் பண்ணுவாங்க?’ என்று கேட்டேன். “போன வருஷம் நல்ல மார்க் வாங்கி மேலே போனவங்கதான்” என்றாள். நாவலாசிரியர்களுக்குக்கூட இந்த வயிற்றெரிச்சல் வராது.

சாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஹங்கர் கேம்ஸில் பிள்ளைகள் பிள்ளைகளையே கொல்கிறார்கள், மறைத்துப் பயனில்லை. ஏழாவதும் அதற்குக் கீழும் என்றால் நான் கொடுப்பதில்லை. வீட்டில் சமீபத்தில் துக்கம் நடந்த பிள்ளைக்கும் வேண்டாம், வேறு எடுத்துக் கொடுங்கள். எதிர்த்துக் கேட்கிற அம்மா அப்பாவிடம் வாதாட வேண்டியதில்லை. குலுக்கல் நடக்கிற முதல் இரண்டு அத்தியாயங்களைப் படித்துவிட்டு வரச் சொல்லுங்கள். சிலர் புத்தகத்தைத் திருப்பித் தர ஒரு மாதம் ஆக்குகிறார்கள்.

கடைசியாக வரவு செலவு. ஹங்கர் கேம்ஸோ டைவர்ஜென்டோ, முதல் பாகத்தை மட்டும் வாங்கி வந்தால் மாட்டிக்கொள்வீர்கள். ராத்திரி ஒரே மூச்சில் முடித்துவிட்டுக் காலையில் ஷட்டர் தூக்குமுன் வந்து நிற்பார்கள். மூன்று பாகத்தையும் சேர்த்தே வாங்குங்கள். மூன்றாவதில் இன்னொரு பிரதியும் இருக்கட்டும், அதுதான் திரும்பி வராது.