ரெக்ஸின் சீட்டுக்கு எந்த பாட்டில்? மரைனா (போட்டுக்குன்னு வர்றது), காருக்கு உள்ளதா?

உச்சிப்புளி பக்கம் குஷன் கடை வச்சிருக்கேன். கார் சீட், ஆட்டோ சீட், பைக் சீட் எல்லாம் தைப்போம், மண்டபம் பாம்பன்ல இருந்து டூரிஸ்ட் போட் சீட்டும் வரும். தச்சு வாங்கிட்டு போற ஆளுங்க பாதிப் பேரு வாசப்படில நின்னு கேக்குறது ஒண்ணுதான், "அண்ணே இதுக்கு என்ன போட்டு தொடைக்கணும்?" ஆன்லைன்ல பாத்தா ஒரு பாட்டில்ல போட் படம், ஒரு பாட்டில்ல கார் படம், போட் படம் போட்டதுக்கு விலை ஜாஸ்தி, எதை வாங்குறதுன்னு குழப்பம். ஒவ்வொருத்தருக்கா வாயால சொல்லி சொல்லி அலுத்துப்போகல, ஆனா எல்லாத்தையும் ஒரே எடத்துல எழுதி வச்சா நல்லாருக்கும்னு தோணுச்சு.

மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன். பாட்டில் மேல இருக்குற படத்தை பாத்து வாங்காதீங்க. உங்க சீட் நாள் பூரா எங்க கெடக்குதுன்னு பாருங்க, வெட்ட வெளியிலயா, கண்ணாடிக்கு உள்ளயா, அதுதான் கணக்கு. நம்ம கரையில இருக்குற காரு முக்காவாசி போட் மாதிரிதான் வாழுது, அதையும் கணக்குல வைக்கணும்.

ரெக்ஸின்னு நாம சொல்றது துணி மேல பிவிசி பூசுன ஷீட்டு. பிவிசி சும்மா இருந்தா தண்ணி பைப் மாதிரி கட்டியா இருக்கும், அதுல பிளாஸ்டிசைசர்னு எண்ணெய் மாதிரி ஒண்ண கலந்துதான் மெத்துன்னு ஆக்குறாங்க. சூடு ஏற ஏற அது கொஞ்சம் கொஞ்சமா வெளிய கெளம்பிடும். வெயில்ல நின்ன காருக்குள்ள முன் கண்ணாடில உள்பக்கம் புகை மாதிரி ஒரு படலம் படியுது பாருங்க, டேஷ்போர்டுல இருந்து கெளம்புன சரக்குதான் அதுல பெரும்பாலும். கண்டிஷனர் போட்டா அந்த பிளாஸ்டிசைசர் திரும்ப உள்ள போயிடும், ரெக்ஸின் "குடிச்சுக்கும்"னு நெறைய பேரு நம்புறாங்க. குடிக்காதுங்க. மேல்பூச்சு இல்லாத தோலு எண்ணெய் குடிக்கும், இது பிளாஸ்டிக். பாட்டில்ல கண்டிஷனர்னு போட்டிருந்தாலும் ரெக்ஸினுக்கு அது செய்ற வேலை மேல ஒரு மெல்லிசு பூச்சா நின்னு வெயிலையும் அழுக்கையும் தடுக்குறதுதான், அந்த வேலைய எவ்வளவு ஒழுங்கா செய்யுதுங்கிறதுதான் காசு குடுக்குறதுக்கு காரணம்.

இப்ப போட்டுக்கும் காருக்கும் என்ன வித்தியாசம்னா, காருக்கு முன்னாடி இருக்குற கண்ணாடி ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல ஒரு ஷீட் வச்சு ஒட்டுனது, அது வெயில்ல இருந்து வந்து ரெக்ஸினை கெடுக்குற யூவி கதிரை பெரும்பாலும் நிறுத்திடும், சைடு கண்ணாடி ஓரளவுக்கு உள்ள விடும். அதனால காருக்குள்ள யூவி கம்மி, சூடுதான் ஜாஸ்தி. போட்ல கூரை இருந்தாலும் பத்தாது, வெயில் மேல இருந்தும் வரும், தண்ணில பட்டு கீழ இருந்தும் அடிக்கும், கூடவே தெறிக்குற உப்புத்தண்ணி. அதனால மரைன்னு எழுதுன நல்ல பாட்டில்ல யூவி தடுக்குற சரக்கும், தண்ணி பட்டா சீக்கிரம் கழுவிக்கிட்டு போகாத தன்மையும் எதிர்பாக்கலாம், பூஞ்சைக்கு எதிரான மருந்து சிலதுல சேத்திருப்பாங்க. காருக்குன்னு வர்ற டேஷ்போர்டு பாலிஷ்ல பல பாட்டில் பளபளப்புக்குத்தான், யூவின்னு ஒரு வார்த்தை கூட இருக்காது.

அதனால மரைன் ப்ரொடக்டண்டை, அதாவது மேல பூசுற அந்த பாதுகாப்பு சரக்கை, தாராளமா காருக்கு போடலாம், ஒண்ணும் ஆகாது. காரு பாலிஷை போட்டுக்கு போடாதீங்க. தண்ணி பட்டா சீக்கிரமே போயிடுங்கிறது ஒரு பக்கம், அதைவிட பெரிய விஷயம் வழுக்கும். சிலிக்கான் பளபளப்பு போட்ட சீட்டுல ஈரத்தோட ஒரு பாட்டியம்மா ஏறி கால் வச்சா என்ன ஆகும்னு யோசிச்சு பாருங்க, போட் ஆடும்போது. பைக் சீட்டுக்கும் அதேதான், ஸ்டியரிங், பெடல் பக்கம் கொண்டே போகாதீங்க.

சரி, நம்ம ஊரு காருக்கு வருவோம். ராமேஸ்வரம் வாடகை வண்டி ஓட்டுற தம்பிங்களுக்கு நான் சொல்றது புரியும். அக்னி தீர்த்தத்துல முங்கிட்டு, கோயிலுக்குள்ள 22 தீர்த்தமும் ஆடிட்டு, ஈரத்துணியோட வந்து உக்காருவாங்க. அடுத்தது தனுஷ்கோடி, அரிச்சல்முனை வரைக்கும் ரோடு இருக்கு, அங்க கடல்ல எறங்கிட்டு காலு பூரா மணலோட ஏறுவாங்க. சேதுக்கரை, தேவிபட்டினம் நவபாஷாணம் போனாலும் இதே கதை. அந்த சீட்டுல உப்பு ஏறிடுது. கார் கண்ணாடிக்குள்ளதானே இருக்குன்னு விட்டுட்டா தையல் மொதல்ல போகும்.

போன ஆடியில ஒரு டூரிஸ்ட் போட் சீட் வந்துச்சு. மேல பாத்தா கண்ணாடி மாதிரி மின்னுது, ஓனரு வாரம் தவறாம காரு பாலிஷ் அடிச்சிருக்காரு, பாவம் நல்லா வச்சுக்கணும்னு ஆசப்பட்டு செஞ்சதுதான். ஓரத்துல விரலை விட்டு லேசா இழுத்தேன், தையல் பர்ர்ருன்னு பிரிஞ்சு வந்துடுச்சு. உள்ள மடிப்பு நீளத்துக்கும் வெள்ளை வெள்ளையா உப்பு, சீனி கொட்டுன மாதிரி, நூலு நைஞ்சு தூளா போயிருக்கு, அடியில ஸ்டேப்ளர் பின்னு எல்லாம் துருவாகி பலகையில செவப்பு கறை. உப்பைக் கழுவாம அது மேலயே பாலிஷ் பூசி பூசி மூடி வச்சிருக்காரு.

உப்பு லேசுப்பட்ட சாமான் இல்ல. காத்துல ஈரம் 75 சதவீதம் தாண்டுனா சாப்பாட்டு உப்பே தானா தண்ணி இழுத்து கசியும், அடுப்படில கல்லுப்பு ஜாடிய பாத்தா தெரியும்ல. கடல் உப்புல மெக்னீசியம் உப்பும் சேந்து இருக்குறதால அதுக்கு அந்த அளவு ஈரம் கூட வேணாம். அதான் நம்ம பக்கம் சாயங்காலம் ஆனா சீட் தொட்டா பிசுக்குன்னு இருக்கு. அந்த ஈரம் காயாம நூலுலயும் ஸ்பாஞ்சுலயும் நிக்கும், பூஞ்சை அதுலதான் பிடிக்கும். எந்த பாட்டிலும் இதுக்கு மருந்து இல்ல, நல்ல தண்ணிதான் மருந்து.

நல்ல தண்ணின்னு சொன்னேன், போர் தண்ணி இல்ல. இங்க பாதி வீட்டு போர்ல சவர் தண்ணிதான் வருது, அதுல கழுவுனா உப்பை உப்பால கழுவுன மாதிரி, காஞ்சதும் வெள்ளைத் திட்டு நிக்கும். போர் தண்ணிதான் இருக்குன்னா அதுல மொதல்ல மணலை ஓட விட்டுட்டு, கடைசி அலசலுக்கு மட்டும் கேன் தண்ணி ரெண்டு லிட்டர் எடுத்துக்கங்க, ஒரு சீட்டுக்கு அது போதும். ஏற்கனவே வெள்ளைத் திட்டு இருந்தா வினிகர் ஒரு பங்கு தண்ணி பத்து பங்கு கலந்து தொடச்சு, ஒடனே நல்ல தண்ணி ஊத்தி அலசிருங்க.

க்ளீனர் விஷயத்துல நான் கொஞ்சம் கறார். சாதா அழுக்குக்கு பாத்திரம் விளக்குற லிக்விட் நாலு சொட்டு ஒரு மக்கு தண்ணில, போதும், இதுக்கு காசு செலவு பண்ணாதீங்க. மீன் ரத்தம்னா பச்சத்தண்ணி, சுடுதண்ணி ஊத்துனா கறை கெட்டிப்பட்டுடும். காரு கடையில விக்கிற ஆல் பர்ப்பஸ் க்ளீனர் வாங்குனா அதை தண்ணி கலக்காம அடிக்காதீங்க, பத்துக்கு ஒண்ணு கலந்தாலே வேலை செய்யும். மரைன் க்ளீனர்ல பூஞ்சைக் கறை எடுக்குறதுன்னு தனியா ஒண்ணு வரும், அதுல சிலதுல பிளீச் இருக்கும், வெள்ளை போட் சீட்டுல கறுப்பு புள்ளி விழுந்தா எப்பவாவது ஒருக்கா போட்டு ஒடனே கழுவலாம், வாரா வாரம் போட்டா தையல் நூலும் மேல்பூச்சும் போயிடும். அதை காருக்குள்ள கொண்டு போகாதீங்க, கார்பெட், சீட் பெல்ட் எல்லாம் வெளுத்துடும். பிளீச்சோட வினிகரோ ஆசிட்டோ சேத்துடாதீங்க, குளோரின் வாயு வரும், மூச்சுக்கு ஆபத்து. ரோஸ் கலர்ல ஒரு கறை சில போட் சீட்டுல வரும், அது மேல இருந்து வந்தது இல்ல, உள்ள ஸ்பாஞ்சுல வளர்ற கிருமி விடுற சாயம் ரெக்ஸினை ஊடுருவி மேல வருது, தேச்சு தேச்சு கை வலிக்கும், போகாது.

மண்ணெண்ணெய், டீசல், தின்னர், பெட்ரோல் எதுவும் வேணாம். கரையில எஞ்சின் தொடச்ச அதே துணியால சீட்டையும் தொடைக்கிறத பாக்கும்போது எனக்கு மனசு வலிக்குது, மேல்பூச்சை அது கரைச்சு எடுத்துடும், அப்புறம் அழுக்கு உள்ள ஏறும். தேங்காண்ணெயும் வேணாம், மணலை பசை மாதிரி பிடிச்சு வைக்கும், ஆடிக்காத்துல கேக்கவே வேணாம்.

கடையில பாட்டிலை கையில எடுத்தா என்ன பாக்கணும்? யூவி ப்ரொடெக்ஷன்னு தெளிவா போட்டிருக்கா, வாட்டர் பேஸ்டுன்னு போட்டிருக்கா, ரெண்டும் இருந்தா படம் காரா இருந்தாலும் சரி போட்டா இருந்தாலும் சரி. பெட்ரோலியம் டிஸ்டிலேட்னு (மண்ணெண்ணெய் வகை சரக்கு) இருந்தா வச்சுட்டு வந்துடுங்க. லேபிள் படிக்க முடியலைன்னா தொறந்து மோந்து பாருங்க, மண்ணெண்ணெய் வாடை அடிச்சா சால்வெண்ட், அதாவது தின்னர் மாதிரி கரைக்கிற சரக்கு. பால் மாதிரி வெள்ளையா இருந்தா அனேகமா தண்ணில கலந்தது. சிலிக்கான்னு பாத்தவுடனே பயப்பட வேண்டாம், தண்ணில கலந்த சிலிக்கான் ரெக்ஸினை கெடுக்காது, கூட வர்ற சால்வெண்ட்தான் கெடுக்கும். 303ங்கிற பிராண்டு ப்ரொடக்டண்ட் மாதிரி தண்ணி பேஸ்ல யூவி தடுக்குற பாட்டில் ஒண்ணு வாங்குனா போட், காரு, பைக் மூணுக்கும் ஓடும், ரெண்டு பாட்டில் வாங்க வேண்டியது இல்ல. வெயில் மூஞ்சில அடிச்சு கண்ணு கூசாம இருக்க டேஷ்போர்டுக்கு மேட் ஃபினிஷ் பாத்து வாங்குங்க.

போடுற மொற: நெழல்ல, சீட் கைக்கு சூடு இல்லாம இருக்கும்போது. காஞ்ச துணியால தொடைக்க ஆரம்பிக்காதீங்க, மணலும் உப்பும் உப்புத்தாள் மாதிரி கீறும், மொதல்ல தண்ணி ஓடணும். அப்புறம் சோப்புத்தண்ணி, பழைய டூத் பிரஷ் வச்சு தையல் ஓரம், பைப்பிங் மடிப்பு எல்லாம். அலசல். காருன்னா தண்ணிய ஊத்தாம ஈரத்துணிய ரெண்டு மூணு தடவை மாத்தி தொடைங்க, ஸ்பாஞ்சு நனையக்கூடாது. நல்லா காஞ்சதும் துணியில கொஞ்சமா ஸ்ப்ரே பண்ணி மெல்லிசா பூசி, ஒடனே வேற காஞ்ச துணியால தொடச்சு எடுத்துடணும், தானா காயட்டும்னு விட்டா திட்டு விழும். வெள்ளைத்துணியால தேச்சா எண்ணெய் மாதிரி ஒட்டுதா, அப்ப நெறைய போட்டுட்டீங்க. போட்டுக்கு மாசம் ஒருக்கா, காருக்கு ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா, நல்ல தண்ணி தொடைப்பு மட்டும் போட்டுக்கு தெனமும்.

போட் சீட்டை கழட்டி கரைக்கு மேல கொண்டு வந்து கழுவுங்க. இந்தப் பக்கம் மன்னார் வளைகுடா, 21 தீவும் தேசியப் பூங்காவுல வருது, சோப்பும் பிளீச்சும் அந்த தண்ணில எறங்க வேண்டாம்.

ஏற்கனவே வெடிச்ச ரெக்ஸினுக்கு எந்த பாட்டிலும் வேலை செய்யாது. கட்டைவிரலால ஓரத்தை மடிச்சு பாருங்க, வெள்ளைக் கோடு விழுந்து வெடிச்சா அது முடிஞ்சு போச்சு, பாட்டில் காசை மிச்சம் பிடிச்சு புதுசா தைக்க சேத்து வைங்க. தைக்க குடுக்கும்போது மரைன் கிரேடு ஷீட்டு, பாலியஸ்டர் நூலு, ஸ்டெயின்லெஸ் பின்னு மூணையும் நீங்களே வாய் தொறந்து கேளுங்க, எந்த கடைக்கு போனாலும். நைலான் நூலு வெயிலுக்கு தாங்காது, காட்டன் நூலு ஈரத்துக்கு தாங்காது. சீட்டுக்கு அடியில தண்ணி வடிய பலகையில நாலு ஓட்டை போட சொல்லுங்க, அதுக்கு யாரும் தனியா காசு வாங்க மாட்டாங்க.