வைத்தியசாலையில் சிகிச்சை, பரிசோதனைப் பிரிவுகளின் பொறுப்புப் பதவிக்கு விண்ணப்பிக்கும் தங்கச்சிக்கு

தங்கச்சி, முதலில் பதவிக்கான தகுதிகளைச் சொல்லும் ஆட்சேர்ப்புத் திட்டத்தை வரி விடாமல் வாசியும். பதவித் தரமும் சேவைக்காலமும் சரியென்றால் மருத்துவ சபைப் பதிவு, சேவையில் இருப்பவர்கள் தேற வேண்டிய தடைதாண்டல் பரீட்சையின் பெறுபேறு எல்லாவற்றையும் எடுத்து வையும்.

விண்ணப்பத்தில் ‘தலைமைத்துவப் பண்பு கொண்டவர்’ என்று எழுத வேண்டாம், எல்லாரும் எழுதுவது அது. நான் எழுதியது இது: நெடுந்தீவு நோயாளர்கள் படகில் வந்து குறிகட்டுவான் இறங்குதுறையில் இறங்கி பஸ் பிடித்து வரும் நேரத்துக்கு ஏற்ப இயன்மருத்துவ (பிசியோதெரபி) நேரத்தைப் பின்தள்ளினோம்; சிகிச்சையை இடையில் விட்டவர்கள் திரும்ப வந்தார்கள். யார் மறுத்தார்கள், எப்படி இணங்க வைத்தீர் என்பதையும் சேர்த்து எழுதும்.

அப்புறம் கதிர்ப்படப் பிரிவு, ஆய்வுகூடம், பேச்சுச் சிகிச்சை என்று நேரில் போய்க் கதையும். அவர்களுடைய தட்டுப்பாடு தெரியாமல் அவர்களுக்காகப் பேச முடியாது.

விண்ணப்பம் நிறுவனத் தலைவர் ஊடாகத்தான் போகும். கையெழுத்துக்கே நாள் எடுக்கும், கடைசி வாரம் வரை வைத்திருக்காதையும்.