சிப்பிப்பாறை நாயோட வெளிநாடு கிளம்புறீங்களா, விஸ்லாங்கிற ஹங்கேரி நாய் போன கதைய கேட்டுட்டு கிளம்புங்க

என் மாமா பையன் காசிமேட்ல ஒரு கன்னி நாய் வெச்சிருந்தான், சிப்பிப்பாறை மாதிரியே நம்ம ஊரு வேட்டை நாய், கோவில்பட்டி பக்கம் ஒரு பெரியவர்கிட்ட இருந்து குட்டியா கொண்டுவந்தது. ஜெர்மனில வேலை கிடைச்சதும் அதையும் கூட்டிட்டு போறேன்னு முதல்ல ரேபிஸ் ஊசி போட்டுட்டான், மைக்ரோசிப் அப்புறமா வெச்சான், அவ்ளோதான், சிப்புக்கு முன்னாடி போட்ட ஊசி கணக்குல வராதுன்னு சொல்லிட்டாங்க, எல்லாம் முதல்ல இருந்து. அவன் போயிட்டான், நாய் அஞ்சு மாசம் அத்தை கூட இருந்துச்சு, முதல் ரெண்டு வாரம் சரியா சாப்பிடவே இல்ல. அந்த கஷ்டம் வேற யாருக்கும் வேணாம்னுதான் இத எழுதுறேன். இன்னொண்ணும் இருக்கு, நாய கொண்டுபோறது வேற, நாய் ஜாதிய கொண்டுபோறது வேற, அத ஹங்கேரிக்காரங்ககிட்டதான் கத்துக்கணும்.

விஸ்லான்னு ஒரு வேட்டை நாய், துரு கலந்த தங்க நிறம், ஒட்ட முடி, உள்முடி கிடையாது, நம்ம சிப்பிப்பாறை மாதிரியே குளிர் தாங்காத தோல். இரண்டாம் உலகப்போர் முடியுற நேரத்துல ஹங்கேரில இருந்து ஓடினவங்க சில பேர் கையில கிடைச்சதோட இந்த நாயையும் கூட்டிட்டு ஆஸ்திரியா பக்கம் போனாங்க. 1950ல சாரின்னு ஒரு பெட்டை நாய் ரெண்டு குட்டிங்களோட அமெரிக்கால கேன்சஸ் சிட்டிக்கு போய் சேந்துச்சு, ரோம்ல அமெரிக்க அரசு வேலைல இருந்த எம்மெட் ஸ்கான்லன்னு ஒருத்தர் அனுப்பிவெச்சது, ஃபிராங்க் டால்மேன்னு நண்பருக்கு. 1960ல அங்க நாய் ஜாதிகள பதிவு பண்ற அமெரிக்கன் கென்னல் கிளப் விஸ்லாவ தனி ஜாதியா ஏத்துக்கிச்சு. பத்து வருஷம். அந்த பத்து வருஷமும் நாய் மட்டும் போயிருந்தா நடந்திருக்காது, நாயப்பத்தி தெரிஞ்ச ஆளுங்களும் போனாங்க. பேலா ஹாதிக்னு ஒரு பிரபு, ஹங்கேரில இருந்து அமெரிக்கா போனவர், ஃபுடாகி டாரோட்ஸ்னு பேர் வெச்ச விஸ்லா அவரோடதுதான். ஃபுடாக்ங்கிறது அவங்க குடும்பத்தோட ஊர் பேர், ஊரு போயிருச்சு, பேர நாய் மேல வெச்சு காப்பாத்தினார். எனக்கு இந்த ஒரு விஷயம் ரொம்ப புடிச்சது, நீங்களும் உங்க நாய் குட்டிங்களுக்கு ஊர் பேர முன்னாடி வெய்ங்க, எந்த மண்ணு நாய்னு பேரே சொல்லும்.

சரி, எப்படி செய்யணும்னு வரேன்.

நம்ம பக்கத்துல பந்தயப் புறா வளக்குறவங்க வீட்ல நீங்க பாத்திருப்பீங்க, ஹோமர் குஞ்சு பொரிச்ச கொஞ்ச நாள்லயே காலுல ரிங் போடுவாங்க, வருஷம், நம்பர் எல்லாம் இருக்கும், அப்பா யாரு அம்மா யாருன்னு நோட்டுல எழுதுவாங்க. எங்கப்பாவும் வியாசர்பாடி மாடில அப்படி ஒரு நோட்டு வெச்சிருந்தார். நாய்க்கும் அதேதான். குட்டி வாங்குறப்பவே வளத்தவர்கிட்ட உக்காந்து தாய், தகப்பன், அதுங்களோட தாய் தகப்பன், எந்த ஊர், எந்த நிறம், என்ன நோவு வந்துச்சுன்னு எல்லாம் எழுதி வாங்குங்க, போட்டோ எடுங்க. கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவோட தலைமை ஆபிஸ் சென்னைலதான் இருக்கு, ரிஜிஸ்டர் பண்ணி சர்டிபிகேட் வாங்கிருங்க. பேப்பர் இல்லாத நாய் வெளிநாட்டுல எவ்ளோ அழகா இருந்தாலும் ஏதோ கலப்புன்னுதான் எழுதுவாங்க.

அப்புறம் ஐரோப்பா போற வழி. 15 இலக்க மைக்ரோசிப் முதல்ல, குட்டிக்கு 12 வாரம் ஆனதுக்கு அப்புறம் ரேபிஸ் ஊசி, ஊசி போட்டு 30 நாள் கழிச்சு ரத்தம் எடுத்து ஐரோப்பிய யூனியன் ஒத்துக்கிட்ட லேப்ல டெஸ்ட், ரத்தத்துல ரேபிஸ் எதிர்ப்பு சக்தி ஒரு மில்லிக்கு 0.5 யூனிட்டுக்கு (IU/ml) கம்மியா வரக்கூடாது. ரத்தம் எடுத்த நாள்ல இருந்து மூணு மாசம் காத்திருக்கணும், ரிசல்ட் வந்த நாள்ல இருந்து இல்ல, இத நிறைய பேர் தப்பா எண்ணுறாங்க. போய் சேருறதுக்கு 10 நாளுக்குள்ள அரசு டாக்டர் கையெழுத்து போட்ட ஹெல்த் சர்டிபிகேட் வேணும். ஆக விசா பேச்சு ஆரம்பிச்ச அன்னிக்கே சிப் வெச்சிருங்க, ஆறு மாசம் கையில வெச்சுக்கோங்க. சந்தேகம்னா வேப்பேரி வெட்னரி காலேஜ்ல கேளுங்க. கூண்டு முன்னாடியே வாங்கி வீட்லயே தூங்க பழக்குங்க, உள்ள நின்னு திரும்பி படுக்க இடம் இருக்கணும்.

அமெரிக்கான்னா 2024 ஆகஸ்ட்ல இருந்து ஆறு மாசத்துக்கு கீழ இருக்குற குட்டிய உள்ள விடமாட்டாங்க. கனடா, விக்குறதுக்கோ இனப்பெருக்கத்துக்கோன்னு சொன்னா இந்தியால இருந்து 2022 செப்டம்பர்ல இருந்தே அனுமதி இல்ல, சொந்த நாய்னா மட்டும்தான் யோசிக்கணும். ஆஸ்திரேலியாக்கு இங்க இருந்து நேரா கொண்டுபோக முடியாது.

போயாச்சு, இப்பதான் முக்கியமான வேலை. ஒரே தாய் வயித்துல பொறந்த அண்ணன் தங்கச்சிய சேத்து குட்டி எடுக்கவே கூடாது, ரெண்டு மூணு தலைமுறைல நோவுதான் மிஞ்சும். உங்க நாய்க்கு ஜோடி வேணும்னா சொந்தம் இல்லாத இன்னொரு நாய் அதே கண்டத்துல எங்க இருக்குன்னு தேடணும், நம்ம தமிழ் சங்கத்து ஆளுங்ககிட்ட கேட்டாலே தெரியும், கிடைக்கலன்னா குட்டி எடுக்காதீங்க, காத்திருங்க. பணத்துக்காக அவசரப்பட்டு வேற ஜாதியோட சேத்தா அது சிப்பிப்பாறை இல்ல, அத அப்படி சொல்லி விக்கிறது பாவம்.

நாய வேலை செய்ய விடுங்க. விஸ்லா ஜெயிச்சது காட்டுல மோப்பம் புடிச்சு காட்டினதாலதான், ஷோவுல நின்னதால மட்டும் இல்ல. நம்ம நாய் ஓடுற நாய், பிளாஸ்டிக் இரையை மோட்டார்ல இழுத்து ஓட விடுற லூர் கோர்சிங் அங்க நிறைய ஊர்ல நடக்குது, அதுல இறக்குங்க, ஒரு தடவை ஓடுறத பாத்தவன் இது என்ன நாய்னு அவனே வந்து கேப்பான். பனி காலத்துல மட்டும் கோட்டு போடாம வெளிய கொண்டுபோகாதீங்க, காது நுனிய நல்லா பாருங்க.

ஜெர்மனில நாய்க்கு ஊராட்சிக்கு வரி கட்டணும், வீடு மாறினா அங்க மறுபடி பதியணும். என் மாமா பையன் கட்டுற ரசீது மேல நாய் பேர எழுதி அத்தைக்கு வாட்ஸப்ல அனுப்புவான், அத்தை அத கோவில்பட்டி பெரியவருக்கு அனுப்புவாங்க, அவர் தன்னோட நோட்டுல அந்த நாய் பேருக்கு பக்கத்துல ஜெர்மனின்னு எழுதி வெச்சிருக்கார்.