குளக்கட்டில் பொழுதுபோக்கிடம் அமைப்போர் கவனத்துக்கு

திருகோணமலை மாவட்டத்தில் ஒரு குளத்தை ஒட்டி நடைபாதையும் இருக்கைகளும் படித்துறையும் அமைக்க விரும்பும் ஊர்ச் சங்கமோ பிரதேச சபையோ, முதலில் அந்தக் குளம் யாருடைய பொறுப்பில் இருக்கிறது என்பதை அறிந்துகொள்ள வேண்டும். கந்தளாய் போன்ற பெருங்குளங்கள் நீர்ப்பாசனத் திணைக்களத்தின் கீழும், 80 ஹெக்டேயருக்குக் குறைந்த வயலுக்குப் பாயும் சிறு குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழும் வருகின்றன. அவர்களிடம் எழுத்துமூல அனுமதி பெற்ற பின்னர், போகத் தொடக்கத்தில் கூடும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் திட்டத்தை முன்வைத்து, கமக்காரர் அமைப்பினதும் நன்னீர் மீனவர் சங்கத்தினதும் இணக்கத்தையும் பெறுங்கள். குளத்து நீர் முதலில் வயலுக்கும் குடிநீருக்கும் உரியது என்பதை ஏற்காத திட்டம் எதுவும் ஊரில் நிலைக்காது.

அடுத்ததாகக் குளக்கட்டு. 1986 ஏப்ரல் 20ஆம் திகதி அதிகாலையில் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்து நூற்றுக்கு மேற்பட்டோர் உயிரிழந்ததை இம்மாவட்டத்தார் மறக்கவில்லை. எனவே கட்டின் மேல் கனரக வாகனங்களை ஏற்றாதீர்கள். கடைக்கோ மண்டபத்துக்கோ அத்திவாரம் வெட்டாதீர்கள். நிழலுக்காகக்கூட மரம் நடாதீர்கள், ஏனெனில் மரம் பட்டுப்போனால் அதன் வேர் உக்கிய வழியே நீர் கசியத் தொடங்கும். இருக்கைகளையும் வாகனத் தரிப்பிடத்தையும் கட்டின் இரு முனைகளிலுள்ள மேட்டு நிலத்தில் அமைத்து, கட்டின் மேல் கிரவல் இட்ட நடைபாதையை மட்டும் விடுவதே சரி. அங்கு அன்றாடம் நடப்பவர்களே குளத்தின் சிறந்த காவலர்கள். கட்டின் வயற்பக்க அடிவாரத்தில் ஈரம் தென்பட்டால் எதைப் பார்க்க வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுங்கள்: கசியும் நீர் தெளிவாக இருந்தால் இடத்தைக் குறித்துவைத்துத் தொழில்நுட்ப உத்தியோகத்தருக்கு அறிவிக்கலாம், கலங்கலாக வந்தால் கட்டின் மண் உள்ளிருந்து அரிபடுகிறது என்று பொருள், அப்போது ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது.

குளிக்கும் படித்துறை, வயலுக்கு நீர் திறந்துவிடும் மதகான துருசிலிருந்து நன்றாக விலகியிருக்க வேண்டும். துருசு திறந்திருக்கும்போது மேலே அமைதியாகத் தோன்றும் நீர், கீழே ஆளை இழுத்துக்கொள்ளும். பெரும்போக மழையில் நிரம்பிச் சிறுபோக முடிவில் வற்றுவது எமது குளங்களின் இயல்பாதலால், படிகள் ஆவணி மாத நீர்மட்டம் வரை இறங்க வேண்டும். இல்லாவிடில் கடைசிப் படிக்கு அப்பால் சேற்றில் கால் புதையும். பெண்களுக்கு மறைப்புள்ள தனித்துறை அமைப்பது அவசியம். குளம் நிரம்பி மிகை நீர் வழிந்தோடும் வான் பாயும் நாட்களில் அதைப் பார்க்கவென்றே குடும்பங்கள் திரள்வதால், வானைக் குறுக்கே கடக்க விடாமல் கயிறு கட்டி, ஒருவரைக் காவலுக்கு நிறுத்துங்கள்.

முதலைகள் எங்கே வெயில் காய்கின்றன என்பதை மீனவர்களிடம் கேட்டறிந்து, அந்தப் பகுதியைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிய பலகையால் அடையாளப்படுத்துங்கள். படகு விடுவதானால் துடுப்புப் படகே போதும். உயிர்காப்பு அங்கியின்றி எவரையும் ஏற்றாதீர்கள், வலை விரித்திருக்கும் பக்கம் போகாதீர்கள். யானை நடமாட்டமுள்ள குளங்களில் பொழுது சாயுமுன் வாயிலை மூடுவது கட்டாயம்.

நீரில் மிதந்து பரவும் களைகளான ஆற்றுவாழையையும் சல்வீனியாவையும் கையால் அள்ளி, வெள்ளம் திரும்ப எட்டாத மேட்டில் காயவிட வேண்டும். ஆனால் அழகுபடுத்துவதாகச் சொல்லிக் கரையோரத் தாமரையையும் நாணலையும் மருத மரங்களையும் அழிப்பது பெரும் தவறு; பறவைகள் கூடுவதும் கரை அரிக்கப்படாமல் இருப்பதும் அவற்றால்தான். மலசலகூடத்தைக் குளத்துக்கு நீர் வடியும் பக்கத்தில் கட்டாதீர்கள். உழவு இயந்திரமும் முச்சக்கரவண்டியும் கழுவுவதைக் குளத்துக்குள் முற்றாகத் தடுத்து, அதற்கென வெளியே ஓர் இடம் ஒதுக்குங்கள். இடம் காட்டாமல் தடை மட்டும் போட்டால் இரவில் கொண்டுவந்து கழுவுவார்கள்.

வாகனத் தரிப்பிடத்தில் சேரும் கட்டணத்தில் ஒரு பங்கை, கட்டின் பற்றை வெட்டவும் வாய்க்கால் துப்புரவுக்கும் கமக்காரர் அமைப்பிடமே கொடுத்து, அந்தக் கணக்கை அடுத்த பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் வாசியுங்கள்.