கால்குலஸ் இரண்டாம் செமஸ்டர் ஃபைனல்: முதல் வரியை எழுதப் பழகுங்கள்

இரண்டாம் செமஸ்டர் கால்குலஸ் மாணவர்களுக்குப் பல வருடமாகச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். ஃபைனல் முடிந்ததும் ஒவ்வொரு முறையும் யாராவது வந்து சொல்வார்கள்: "வீட்டுப்பாடம் எல்லாம் சரியாப் போட்டேன். தேர்வுல கேள்வியைப் பார்த்ததும் கை ஓடலை." அவர்கள் சொல்வது உண்மைதான். பகுதித் தலைப்பில் "இன்டக்ரேஷன் பை பார்ட்ஸ்" என்று போட்டிருந்தால், கீழே உள்ள எல்லாக் கணக்குக்கும் என்ன முறை என்று யோசிக்கவே வேண்டாம். ஃபைனல் வினாத்தாளில் தலைப்பு இருக்காது. எந்த முறை என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். அதனால் படிக்கும் நேரத்தில் பாதியையாவது இந்த முடிவெடுக்கும் பயிற்சிக்கு ஒதுக்குங்கள்.

ஒரு தாளில் இந்த நான்கையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக்கொள்ளுங்கள்:

1/(எக்ஸ்² + 1)
எக்ஸ்/(எக்ஸ்² + 1)
எக்ஸ்²/(எக்ஸ்² + 1)
1/(எக்ஸ்² − 1)

பார்வைக்கு ஒரே வீட்டுப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். இன்டக்ரேட் செய்யப் போனால் நாலும் நாலு திசை. முதலாவது நேரடிச் சூத்திரம்: டேன் இன்வர்ஸ் எக்ஸ். இரண்டாவதில் கீழே உள்ளதன் டெரிவேட்டிவ் மேலேயே உட்கார்ந்திருக்கிறது, ஒரு 2 மட்டும் குறைவு. சப்ஸ்டிட்யூஷன் போட்டால் லாக் (எக்ஸ்² + 1)-இல் பாதி. (நான் லாக் என்று எழுதுவதெல்லாம் ஈ அடிமான லாக்.) மூன்றாவதில் மேலும் கீழும் ஒரே அடுக்கு. முதலில் வகுக்க வேண்டும். 1 − 1/(எக்ஸ்² + 1) என்று ஆகிவிடும், விடை எக்ஸ் − டேன் இன்வர்ஸ் எக்ஸ். நான்காவதில் கீழே (எக்ஸ் − 1)(எக்ஸ் + 1) என்று காரணிகளாகப் பிரிகிறது, ஆகவே பார்ஷியல் ஃபிராக்ஷன். முதலாவதின் கீழ்ப்பகுதிக்கு ஒரு வர்க்கமூலம் போட்டு 1/√(எக்ஸ்² + 1) ஆக்கினால் கதை மறுபடி மாறும்: எக்ஸ் = டேன் தீட்டா என்று போக வேண்டும்.

இந்த ஐந்தையும் விடை பார்க்காமல் பிரித்துச் சொல்ல முடிந்தால் இன்டக்ரேஷன் பகுதியில் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. கேள்வியைப் பார்த்ததும் நான் மனதுக்குள் ஓட்டும் வரிசை இதுதான். இயற்கணிதத்தால் எளிமையாக்க முடியுமா? உள்ளே இருக்கும் ஒன்றின் டெரிவேட்டிவ் வெளியே நிற்கிறதா? சம்பந்தமில்லாத இரண்டின் பெருக்கலா, அப்படியானால் பை பார்ட்ஸ். மேலும் கீழும் பல்லுறுப்புக்கோவையா, அப்படியானால் அடுக்கைச் சரிபார்த்துவிட்டு பார்ஷியல் ஃபிராக்ஷன். வர்க்கங்களின் கூட்டலோ கழித்தலோ வர்க்கமூலத்துக்குள் இருக்கிறதா, அப்போது டிரிக் சப்ஸ்டிட்யூஷன். சப்ஸ்டிட்யூஷன் இரண்டாவதாக நிற்பது வேண்டுமென்றேதான். எக்ஸ் ஈ பவர் எக்ஸ் என்பதற்கு பை பார்ட்ஸ் தேவை. எக்ஸ் ஈ பவர் எக்ஸ்² என்பதற்கு ஒரே வரி சப்ஸ்டிட்யூஷன் போதும். இரண்டாவதற்கு பை பார்ட்ஸ் போட்டு ஒரு பக்கம் வீணாக்கியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பயிற்சி எப்படிச் செய்வது? பழைய வினாத்தாள், வீட்டுப்பாடம், பாடநூலின் அத்தியாயக் கடைசிக் கணக்குகள் எல்லாவற்றிலிருந்தும் எடுத்து, ஒரு துண்டுச்சீட்டுக்கு ஒரு கணக்கு என்று எழுதுங்கள். அத்தியாய எண்ணைப் பின்பக்கம் போடுங்கள். சீட்டுகளைக் குலுக்குங்கள். ஒவ்வொன்றையும் எடுத்து முறையின் பெயரையும் முதல் வரியையும் மட்டும் எழுதிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். முழுதாகப் போட வேண்டாம். தயங்கிய சீட்டுகளைத் தனியே வைத்து, அவற்றை மட்டும் கடைசிவரை போடுங்கள். ஏற்கெனவே நன்றாக வருவதைத் திரும்பத் திரும்பப் போடுவது மனதுக்கு இதமாக இருக்கும், மதிப்பெண்ணுக்கு உதவாது.

இம்ப்ராப்பர் இன்டக்ரலில் (எல்லையோ சார்போ முடிவிலிக்குப் போகும் இன்டக்ரல்) ஒரு பொறி உண்டு. 1/எக்ஸ்²-ஐ −1 முதல் 1 வரை இன்டக்ரேட் செய்யச் சொல்வார்கள். ஆன்டிடெரிவேட்டிவ் −1/எக்ஸ், எல்லைகளைப் போட்டால் −2 என்று அழகாக வந்து நிற்கும். ஆனால் 1/எக்ஸ்² எங்கேயும் நெகட்டிவ் ஆகாதே, பரப்பு மட்டும் எப்படி −2 ஆகும்? நடுவில் 0-இல் சார்பு முடிவிலிக்குப் போகிறது. அங்கே இரண்டாக உடைத்து லிமிட் எடுத்தால் இன்டக்ரல் விரிகிறது (டைவர்ஜ் ஆகிறது, முடிவான மதிப்பு கிடையாது) என்பதுதான் விடை. முடிவிலிக் குறி இருந்தால்தான் இம்ப்ராப்பர் என்று நினைக்காதீர்கள். எல்லைகளைப் போடுவதற்கு முன் இடையில் கீழ்ப்பகுதி எங்காவது பூஜ்யமாகிறதா என்று பாருங்கள்.

இனி தொடர்கள். மதிப்பெண் அதிகம் போகும் இடம் இதுதான், அதனால் நிதானமாகச் சொல்கிறேன். இரண்டு தொடர்கள் ரத்தத்தில் ஊற வேண்டும்: 1 + 1/2 + 1/3 + 1/4 + … என்பது ஒன்று, 1 + 1/4 + 1/9 + 1/16 + … என்பது இன்னொன்று. இரண்டிலும் உறுப்புகள் பூஜ்யத்தை நோக்கித்தான் போகின்றன. முதலாவது விரிகிறது. இரண்டாவது ஒருங்குகிறது (கன்வர்ஜ் ஆகிறது, ஒரு முடிவான எண்ணை நெருங்குகிறது), அதன் கூட்டுத்தொகை பை²/6 என்று 18-ஆம் நூற்றாண்டில் ஆய்லர் கண்டார். முதலாவது ஏன் விரிகிறது என்பதற்கு 14-ஆம் நூற்றாண்டிலேயே நிக்கோல் ஒரேம் காட்டிய வழி இருக்கிறது. 1/3 + 1/4 என்பது 1/2-ஐவிடப் பெரிது. 1/5 முதல் 1/8 வரை நான்கு உறுப்புகள், அவையும் சேர்ந்து 1/2-ஐத் தாண்டும். அடுத்த எட்டும் அப்படியே. இப்படி அரை அரையாக முடிவில்லாமல் சேர்ந்துகொண்டே போனால் கூட்டல் எங்கே நிற்கும்? இதை ஒரு முறை உங்கள் கையால் எழுதிப் பாருங்கள். "உறுப்பு பூஜ்யத்துக்குப் போகிறது, ஆகவே ஒருங்குகிறது" என்று அதற்குப் பிறகு எழுத மனம் வராது.

சோதனையைத் தேர்ந்தெடுப்பதில் என் பழக்கம் இது. உறுப்பு பூஜ்யத்துக்குப் போகவில்லை என்றால் தொடர் விரிகிறது, அங்கேயே வேலை முடிந்தது. ஃபேக்டோரியலோ, 3 பவர் என் போன்றதோ இருந்தால் ரேஷியோ டெஸ்ட், அதாவது அடுத்தடுத்த உறுப்புகளின் விகிதத்துக்கு லிமிட் எடுப்பது. வெறும் அடுக்குகளின் பின்னம் என்றால் ரேஷியோ டெஸ்ட் பக்கம் போகவே வேண்டாம். லிமிட் 1 என்று வரும், 1 வந்தால் அந்தச் சோதனை எதுவும் சொல்லாது. மேலே என் + 3, கீழே என்³ + 5 என்று இருந்தால், பெரிய அடுக்குகளை மட்டும் பாருங்கள்: 1/என்² போல நடந்துகொள்கிறது. அதோடு லிமிட் கம்பாரிசன் செய்தால் முடிந்தது. குறி மாறி மாறி வந்தால் முதலில் குறியை நீக்கிப் பாருங்கள், அது விரிந்தால் ஆல்டர்னேட்டிங் டெஸ்ட்.

விடையை மூன்று பகுதியாக எழுதுங்கள்: சோதனையின் பெயர், அதன் நிபந்தனைகள் பொருந்துகின்றன என்பதற்கான காரணம், முடிவு. "ஒருங்கும்" என்ற ஒற்றைச் சொல்லை மட்டும் எழுதினால், அது சரியாகவே இருந்தாலும், திருத்துகிறவரால் மதிப்பெண் போட முடியாது. கம்பாரிசன் டெஸ்டில் திசையைக் கவனியுங்கள். விரியும் தொடரைவிடச் சிறியது என்று காட்டினால் எதையும் நிரூபித்ததாகாது.

பவர் சீரிஸில் (எக்ஸின் அடுக்குகளால் ஆன தொடர்) அது ஒருங்கும் ஆரத்தைக் கண்டுபிடித்ததும் நிறுத்திவிடாதீர்கள். எக்ஸ் + எக்ஸ்²/2 + எக்ஸ்³/3 + … என்பதன் ஆரம் 1. எக்ஸ் = 1 போட்டால் மேலே பார்த்த விரியும் தொடரேதான். எக்ஸ் = −1 போட்டால் குறி மாறும் தொடர், ஒருங்குகிறது. ஆகவே ஒருங்கும் இடைவெளியில் −1 உண்டு, 1 கிடையாது. இரண்டு முனைகளையும் தனித்தனியே சோதிக்க வேண்டும், அதுவும் ரேஷியோ டெஸ்ட் இல்லாமல்.

டெய்லர் தொடரில் நான்கை மனப்பாடம் செய்தால் போதும்: 1/(1 − எக்ஸ்), ஈ பவர் எக்ஸ், சைன் எக்ஸ், காஸ் எக்ஸ். மற்றவை பிறந்து வரும். முதலாவதில் எக்ஸ் இருக்கும் இடத்தில் −எக்ஸ்² போட்டு இன்டக்ரேட் செய்தால் டேன் இன்வர்ஸ் எக்ஸ் = எக்ஸ் − எக்ஸ்³/3 + எக்ஸ்⁵/5 − … கிடைக்கும். அதில் எக்ஸ் = 1 போட்டால் பை/4 = 1 − 1/3 + 1/5 − …. லைப்னிட்ஸுக்கு வெகுகாலம் முன்பே கேரளத்து மாதவர் அறிந்திருந்த தொடர் அது. எழுதும்போதெல்லாம் எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம்.

ஈ பவர் −எக்ஸ்² என்பதற்குச் சாதாரணச் சார்புகளில் ஆன்டிடெரிவேட்டிவே கிடையாது. ஆனால் 0 முதல் 1 வரை அதன் இன்டக்ரலைத் தொடரால் போட்டுவிடலாம்: 1 − 1/3 + 1/10 − 1/42 + …. நான்கு உறுப்புகளைக் கூட்டினால் 0.7429. அடுத்த உறுப்பு 1/216, அதாவது சுமார் 0.0046; பிழை அதைத் தாண்டாது. உண்மையான மதிப்பு 0.7468. பிழை எவ்வளவு என்று கேட்கும் வினாக்களுக்கு இந்த ஒரு கணக்கை முழுதாகப் போட்டுப் பார்த்தால் போதும்.

சுழற்சிக் கன அளவுக்குப் படம் வரையாமல் தொடங்காதீர்கள். நேரம் இருந்தால் ஷெல், வாஷர் என்ற இரண்டு முறைகளாலும் போடுங்கள். விடை ஒத்துப்போனால் நிம்மதி. போலார் பரப்பில் அரை ஆர் ஸ்கொயரில் உள்ள அரையை மறக்காதீர்கள். ஆர் = சைன் 2 தீட்டா என்ற பூ வடிவ வளைவுக்கு நான்கு இதழ், ஆர் = சைன் 3 தீட்டாவுக்கு மூன்று.

கடைசி வாரத்தில் ஒரு பழைய வினாத்தாளையாவது கடிகாரம் வைத்து, குறிப்பைத் திறக்காமல், ஒரே மூச்சில் எழுதுங்கள். முந்தைய இரவு புதிதாக எதையும் தொடாமல் தூங்குங்கள். தேர்வறையில் முதல் சுற்றில் முறை பளிச்சென்று தெரியும் வினாக்களை முடியுங்கள். மற்றவற்றுக்குப் பக்கத்தில் உங்களுக்குத் தோன்றும் முறையின் பெயரை மட்டும் சிறியதாகக் குறித்துவிட்டு நகருங்கள். எல்லைகள் கொடுக்காத (இன்டெஃபினிட்) இன்டக்ரலுக்கெல்லாம் + சி இருக்கிறதா என்று பாருங்கள். மிச்ச நேரத்தில் உங்கள் விடைகளை டிஃபரன்ஷியேட் செய்து, கேள்வி திரும்பி வருகிறதா என்று சரிபாருங்கள்.