தெருமுனை டிபன் கடையும் வார்டு ஏ.இ.யும்: சென்னையில் சாப்பிடுபவர்களுக்கு ஒரு கையேடு

ஒரு தெருவின் நிலவரம் முதலில் தெரிவது, விடியற்காலை அடுப்பு பற்றவைக்கும் டிபன் கடைக்காரருக்குத்தான். தண்ணி லாரி வந்ததா, குப்பை வண்டி எத்தனை மணிக்குத் திரும்பியது, எந்த மேன்ஹோல் நேற்று ராத்திரி பொங்கியது, எந்தக் கம்பத்தில் விளக்கு செத்துக் கிடக்கிறது, கவுன்சிலர் கடைசியாக எப்போது இந்தப் பக்கம் தலைகாட்டினார் என்பதெல்லாம் கல்லாவில் இருப்பவருக்கு அத்துப்படி. ஆகவே பேட்டைப் பிரச்சினையில் இறங்க நினைப்பவருக்கு முதல் வேலை மனு எழுதுவது கிடையாது. வாரத்தில் மூன்று நாளாவது ஒரே கடையில், ஒரே நேரத்தில் சாப்பிடுங்கள். ஒரு மாதத்தில் "அண்ணா, வழக்கம்போலவா?" என்று கேட்பார்கள். அதற்குப் பிறகு கேட்காமலே தகவல் வரும்.

நேரம்தான் ருசி. இட்லிக்கு ஏழிலிருந்து எட்டு. ஈடு ஈடாக இறங்கும் நேரம் அது; தட்டில் வைத்தால் ஆவி பறக்க வேண்டும். பொங்கல் ஒன்பதைத் தாண்டினால் இறுகிவிடும், அப்புறம் அதில் வெந்நீர் ஊற்றி இளக்குவார்கள், மிளகு வாசனை போய்விடும். வடைக்கு முதல் எண்ணெய். சாப்பாட்டுக்குப் பன்னிரண்டரை, இரண்டரைக்கு மேல் போனால் ரசம் தெளிவாக மட்டும் இருக்கும். தேங்காய்ச் சட்னிதான் சென்னை வெயிலில் முதலில் கெடுவது. லேசாகப் புளித்த வாசனை வந்தாலே ஒதுக்கிவிடுங்கள். காரச் சட்னி, சாம்பார் தாங்கும். திருவல்லிக்கேணி ரத்னா கஃபேயில் சாம்பாரில் மிதக்கும் இட்லியும், மயிலாப்பூர் ராயர் மெஸ்ஸில் காலை நேரக் காத்திருப்பும், சைதாப்பேட்டை வடகறியும், பீச் ஸ்டேஷன் எதிர்ப்புறம் பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் கொண்டுவந்த அத்தோ என்ற நூடுல்ஸும் ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டியவைதான். ஆனால் இந்த வேலைக்கு உதவுவது உங்கள் வீட்டிலிருந்து நடந்தே போகக்கூடிய, பெயர்ப்பலகை மங்கிய கடை.

உட்கார்ந்த இடத்திலிருந்தே கடையைப் படிக்கலாம். பில்லில் உணவுப் பாதுகாப்பு எண் 14 இலக்கத்தில் இருக்க வேண்டும். 1-இல் தொடங்கினால் உரிமம், 2-இல் தொடங்கினால் சிறு கடைக்கான பதிவு. வாணலியைப் பாருங்கள்: எண்ணெய் கறுத்து, வடை போட்டதும் நுரை அடங்காமல் பொங்கி, சாப்பிட்ட பிறகு தொண்டையில் பிசுபிசுத்தால் அது பலமுறை காய்ந்த எண்ணெய். திரும்பத் திரும்பக் காய்ச்சும்போது உருவாகும் துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்ற விதி 2018 ஜூலை முதல் இருக்கிறது. அந்த எண்ணெயைக் கொட்ட வேண்டியதில்லை. பயோடீசலுக்காக வாங்கிப்போகும் சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள். பல முதலாளிகளுக்கு அது தெரியாது, சொன்னால் ஆர்வமாகக் கேட்பார்கள். வடை, பஜ்ஜியை அச்சிட்ட செய்தித்தாளில் மடித்துத் தருவதற்கும் தடை உண்டு, மசி சூட்டில் எண்ணெயோடு கலக்கும் என்பதால்.

பில்லில் இன்னும் இரண்டு. சாதாரண ஓட்டலில் ஜி.எஸ்.டி. 5 சதவீதம், காம்போசிஷன் திட்டத்தில் (சிறு வியாபாரிகள் விற்பனையில் ஒரு சிறு விகிதத்தைத் தாங்களே வரியாகக் கட்டும் முறை) இருக்கும் கடை வாடிக்கையாளரிடம் வரி வாங்கவே கூடாது. 'சர்வீஸ் சார்ஜ்' கட்டாயம் கிடையாது, எடுக்கச் சொல்லலாம். டிப்ஸ் கொடுக்க நினைத்தால் சப்ளையர் கையில் நேராகக் கொடுங்கள்.

பார்சலில்தான் சாப்பாடும் தெருவும் முதன்முதலாக முட்டிக்கொள்கின்றன. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. கேரி பேக் மட்டுமல்ல, மேசையிலும் தட்டிலும் விரிக்கும் தாளும், பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்பும் தடைப்பட்டியலில்தான் வருகின்றன. இருந்தும் கொதிக்கிற சாம்பார் மெல்லிய கவரில் முடிச்சுப் போட்டு வருகிறது. கடைக்காரரிடம் சட்டம் பேசினால் முகம் சுருங்கும். தூக்கை நீட்டினால் வேலை முடிந்தது. நாலு இட்லிக்கு 300 மில்லி சாம்பார் பிடிக்கும் எவர்சில்வர் தூக்கு ஒன்று, சட்னிக்கு 100 மில்லி சம்படம் ஒன்று போதும். இறுக்கமான மூடியாக வாங்குங்கள், பைக்கில் ஆடினால் சாதா மூடி திறந்துகொள்ளும். கூட்ட நேரத்தில் தூக்கை நீட்டக் கூடாது. மாஸ்டருக்கு அளவு குழம்பும், பின்னால் நிற்பவர் முணுமுணுப்பார். ஏழரைக்கு முன்பு போங்கள்.

இனி சாக்கடை. சாப்பாட்டுக் கடைகள் நிறைந்த தெருவில் அடிக்கடி வரும் புகார் கழிவுநீர் பொங்குவதுதான், அதைத்தான் அடிக்கடி தப்பான இடத்தில் சொல்கிறார்கள். நடுரோட்டில் வட்டமான இரும்பு மூடி இருந்தால் அது கழிவுநீர்க் குழாய். குடிநீர் வாரியத்தின் பொறுப்பு, அதாவது மெட்ரோ வாட்டர் டிப்போ. ரோட்டோரத்தில் நீளவாக்கில் சிமென்ட் பலகை போட்டு மூடியிருந்தால் அது மழைநீர் வடிகால், மாநகராட்சி. முதலாவதற்கு மாநகராட்சியின் புகார் எண்ணான 1913-ஐ அழைத்தால் புகார் கைமாறி கைமாறி இரண்டு நாள் ஓடும். நேராகக் குடிநீர் வாரியத்தின் 044-4567 4567-க்குப் பேசுங்கள். மழையே இல்லாத ஏப்ரலில் மழைநீர் வடிகாலில் தண்ணீர் ஓடி, மேலே வெள்ளையாகப் பிசுக்கு மிதந்தால், யாரோ கழிவுநீரை அதில் இணைத்திருக்கிறார்கள். அந்த ஒன்றை மட்டும் இரண்டு இடத்திலும் சொல்ல வேண்டும்.

ஓட்டல் அருகே அடைப்பு ஏன் திரும்பத் திரும்ப வருகிறது? பாத்திரம் கழுவும் நீரில் போகும் எண்ணெயும் நெய்யும் குழாயின் உட்சுவரில் உறைகின்றன. அதில் சோற்றுப் பருக்கையும் தேங்காய்ப்பூவும் ஒட்டிக்கொள்ள, குழாயின் வாய் மாதத்துக்கு மாதம் சுருங்கும். இதற்குத்தான் பிசுக்குத் தொட்டி வைக்கச் சொல்கிறார்கள். நீர் அதில் மெதுவாக நகரும்போது எண்ணெய் மேலே மிதக்கும், தெளிவான நீர் அடியிலிருந்து வெளியேறும். தொட்டி இருந்தும் அடைப்பு வருகிறதென்றால் பெரும்பாலும் இரண்டு காரணம். ஒன்று, வாரம் ஒருமுறையாவது அள்ளாமல் தொட்டி நிரம்பிக் கிடப்பது. இன்னொன்று, ராத்திரி கடை கட்டும்போது 'சுத்தமாக இருக்கட்டும்' என்று கொதிநீரை ஊற்றுவது. கொதிநீர் உறைந்த கொழுப்பை உருக்கித் தொட்டியைத் தாண்டவைக்கும். போகிற வழியில் சூடு ஆறியதும் அது தெருக் குழாயில் மறுபடி உறையும். கடை சுத்தமாகும், நாலு வீடு தள்ளி மேன்ஹோல் பொங்கும். பாத்திரத்தைக் கழுவுமுன் காய்ந்த துணியாலோ காகிதத்தாலோ வழித்துக் குப்பையில் போடுவதும், சிங்க்கில் சல்லடை வைப்பதும் செலவில்லாத வைத்தியம். இதை முதலாளியிடம் சொல்ல ஏற்ற நேரம் பிற்பகல் மூன்றரை, கூட்டம் கலைந்து அவர் காபி குடிக்கும்போது. எட்டு மணிக் கூட்டத்தில் சொன்னால் காதில் விழாது.

அடைப்பு எடுக்கப் பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் ஆளை மேன்ஹோலுக்குள் இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். "சீக்கிரம் முடியும்" என்று கடைக்காரரே தனியாள் பேசி இறக்கப் பார்த்தால் தடுத்து, டிப்போவிலிருந்து இயந்திர வண்டியை வரவழையுங்கள். இதில் தயவு தாட்சண்யம் வேண்டாம். போன வருடம் ஒன்றும் ஆகவில்லை என்பார்கள்; விஷவாயு அறிவிப்புக் கொடுத்துவிட்டு வருவதில்லை.

குப்பை, தெருவிளக்கு, உள்தெருக்களின் சாலை, கொசு, மழைநீர் வடிகால் ஆகியவற்றுக்கு மாநகராட்சியின் 1913 அல்லது 'நம்ம சென்னை' செயலி. மின்பெட்டி திறந்து கிடந்தால் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம், 94987 94987. சில பெரிய சாலைகள் நெடுஞ்சாலைத் துறையிடம் இருக்கின்றன; அங்கே மாநகராட்சிக்கு எழுதினால் "எங்களுடையதல்ல" என்று பதில் வந்து புகார் மூடப்படும். எந்தத் துறையும் அசையவில்லை என்றால் முதல்வரின் உதவி மையம், 1100. ஓட்டல் சாப்பாட்டில் கோளாறு என்றால் உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்ஆப் 94440 42322: பில், படம், கடையின் 14 இலக்க எண், சாப்பிட்ட தேதி, நேரம் வேண்டும். கெட்டுப்போன சட்னிக்கு முதல் நாளே அங்கே போகாதீர்கள். கல்லாவில் சொன்னால் அடுத்த நாள் மாறும் விஷயம் அது. புழு, ஊசிப்போன இறைச்சி, பலருக்கு வயிற்றுப்போக்கு என்றால் தாமதிக்கக் கூடாது. அம்மா உணவகம் மாநகராட்சியே நடத்துவதால், அங்கே சாம்பார் தண்ணீராக இருந்தாலும் தண்ணீர்க் குழாய் உடைந்திருந்தாலும் 1913-தான்.

புகாரை எழுதும் விதத்தில் பாதி வெற்றி இருக்கிறது. "எங்கள் ஏரியாவில் விளக்கே இல்லை" என்ற புகாரை ஒருவராலும் சரிசெய்ய முடியாது. தெருப் பெயர், எதிரே உள்ள கதவு எண், மின்கம்பத்தில் எழுதியிருக்கும் எண், எத்தனை நாளாக என்ற நான்கும் இருக்கட்டும். ஒரு புகாரில் ஒரே பிரச்சினை. குப்பையையும் விளக்கையும் சேர்த்து எழுதினால், குப்பையை அள்ளிவிட்டு இரண்டையும் தீர்ந்ததாகக் காட்டுவார்கள். படம் இரண்டு எடுங்கள்: கிட்டத்தில் ஒன்று, இடம் தெரிகிற மாதிரி தூரத்தில் ஒன்று. குப்பை என்றால் காலை வண்டி போன பிறகு எடுத்த படமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் "வண்டி வருமுன் எடுத்தது" என்று தள்ளிவிடுவார்கள். குறுஞ்செய்தியில் வரும் புகார் எண்ணைக் கடைக் காலண்டரின் பின்பக்கத்தில் எழுதிவைக்கச் சொல்லுங்கள். அடுத்தவர் அதே புகாரைப் புதிதாகத் தொடங்காமல் அந்த எண்ணைச் சொல்லிக் கேட்கலாம். வேலை நடக்காமலே 'தீர்க்கப்பட்டது' என்று செய்தி வந்தால் அன்றைக்கே புதுப் படத்தோடு மறுபடி திறக்கவும்.

நடைபாதைக் கடை விஷயத்தில் அவசரம் கூடாது. "ஆக்கிரமிப்பு" என்று ஒற்றை வார்த்தையில் புகார் போட்டால் முதலில் போவது தள்ளுவண்டி ஆயாவின் இடியாப்பக் கடை. பக்கத்துப் பெரிய ஓட்டல் நடைபாதையில் கட்டிய படியும், ஜெனரேட்டரும், பரோட்டா அடுப்பும் அப்படியே இருக்கும். டேப் எடுத்து அளந்து பாருங்கள். நடப்பதற்குத் தடையில்லாமல் 1.8 மீட்டர் இருக்க வேண்டும் என்பது இந்தியச் சாலைப் பேரவையின் அளவு. எது அதை மறிக்கிறதோ அதைப் பெயர் சொல்லி எழுதுங்கள். 2014-ஆம் ஆண்டு தெரு வியாபாரிகள் சட்டப்படி கணக்கெடுப்பு முடியாமல் வியாபாரியை அப்புறப்படுத்தக் கூடாது. இடம் மாற்ற 30 நாள் அறிவிப்பு வேண்டும். பறிமுதல் செய்தால் பட்டியல் தர வேண்டும், அழுகும் பொருளைக் கேட்ட அன்றே திருப்பித் தர வேண்டும். நீங்கள் தினம் சாப்பிடும் வண்டிக்காரருக்கு அடையாள அட்டை இருக்கிறதா என்று கேட்டுவையுங்கள். இல்லையென்றால் விண்ணப்பத்தை நிரப்பித் தருவது, பத்து மனுக்களைவிடப் பயனுள்ள உதவி.

கூட்டங்களில் தவறவிடக் கூடாதவை இரண்டு. குடிநீர் வாரியத்தின் பகுதி அலுவலகங்களில் மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை காலை குறைகேட்புக் கூட்டம் நடக்கும். பகுதிப் பொறியாளர் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பார், கூட்டமும் குறைவு. மற்றொன்று ஏரியா சபை, அதாவது வார்டின் ஒரு பகுதி மக்கள் கவுன்சிலரோடு கூடிப் பேசும் கூட்டம். 2016 அக்டோபரிலிருந்து 2022 பிப்ரவரித் தேர்தல் வரை சென்னைக்குக் கவுன்சிலர்களே இல்லை. தேர்தலுக்குப் பிறகு 2022 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டு நகரங்களில் இந்தச் சபைகள் தொடங்கின. 200 வார்டுகளும் சிறு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. கூட்ட அறிவிப்பு எல்லோர் வீட்டுக்கும் வராது, வார்டு அலுவலகத்தில் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். போகும்போது ஐந்து கோரிக்கை கொண்டுபோகாதீர்கள். ஒன்றே ஒன்று, ஒரு பக்கத் தாளில், இரண்டு படி. ஒன்றில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். தெருவின் கடைக்காரர்கள் மூன்று பேராவது கூட வந்தால் நல்லது. அவர்கள் வருவதற்கு, கூட்டம் மதிய சாப்பாட்டு நேரத்தில் இருக்கக் கூடாது என்று முன்கூட்டியே வார்டின் உதவிப் பொறியாளரான ஏ.இ.யிடம் சொல்லிப் பாருங்கள். கோரிக்கை கூட்டக் குறிப்பில் ஏறியதா என்று பார்த்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும்.

இதற்கும் அசையவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டம். கட்டணம் 10 ரூபாய், கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். பதிலுக்குக் கெடு 30 நாள், வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. "ஏன் சரிசெய்யவில்லை?" என்று கேட்டால் அது தகவலே இல்லை என்று திருப்பிவிடுவார்கள். ஆவணத்தைக் கேளுங்கள்: இந்தத் தெருவின் கழிவுநீர் அடைப்பு குறித்து இந்தத் தேதிமுதல் இந்தத் தேதிவரை வந்த புகார்களின் பட்டியல், ஒவ்வொன்றும் முடிக்கப்பட்ட நாள், கடைசியாகத் தூர்வாரிய வேலை உத்தரவின் நகல். நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். பதில் வந்ததும் அதில் 'முடிக்கப்பட்டது' என்று உள்ள தேதிகளை, கடைக் காலண்டருக்குப் பின்னால் எழுதிவைத்த தேதிகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் பொருந்தாத வரிகளை மட்டும் சிவப்பு மையில் கோடிட்டு, அடுத்த ஏரியா சபைக்கு எடுத்துப் போங்கள்.